ஷவரில் சூடும் பச்சைத் தண்ணியும் மாறி மாறி வருகிறதா?

கேள்வி: அண்ணாச்சி, மாடி பாத்ரூமில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டி ஷவருக்கு லைன் கொடுத்தேன். ஒரு நிமிடம் கொதிக்கிறது, அடுத்த நிமிடம் பச்சைத் தண்ணி. கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து மெஷின் நல்லாத்தான் இருக்கு என்கிறார். (பாளையங்கோட்டை)

பதில்: அவர் சொன்னது பொய் இல்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். மாடி பாத்ரூம் என்றால் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கும், தண்ணீர் வேகமாக இறங்காது. ஹீட்டருக்குள் இருக்கும் 3 கிலோவாட் காயில் (சூடாக்கும் கம்பிச் சுருள்), நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் ஓடினால் 12 டிகிரி சூடேற்றும். ஒன்றரை லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 28 டிகிரி ஏறிவிடும். தொட்டித் தண்ணீரே 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 55-க்குப் போய்விடும். உடனே தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தும், பச்சைத் தண்ணி வரும், ஆறினதும் மறுபடி கரண்ட் பிடிக்கும். இதில் சூடு தாங்காமல் நீங்கள் வெந்நீர்க் குழாயைக் குறைத்துப் பச்சைத் தண்ணியைக் கூட்டியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், ஆனால் அதனால் ஹீட்டருக்குள் ஓட்டம் இன்னும் குறைந்து அது இன்னும் சீக்கிரம் கட் ஆகும். வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பச்சைத் தண்ணியைக் கொஞ்சமாகச் சேருங்கள்.

அப்புறம் ஹீட்டர் விளக்கைக் கவனியுங்கள். பச்சைத் தண்ணி வரும்போது விளக்கு அணைந்தால் நான் சொன்ன கதைதான். எரிந்துகொண்டே இருந்தால் ஓட்டம் அதிகம், இல்லை வோல்டேஜ் குறைவு, இல்லை காயில் போய்விட்டது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஒரு வாளி பிடித்துப் பாருங்கள். வாளி சட்டென்று நிறைந்தால் துளைகளில் உப்பு அடைத்திருக்கிறது, ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டால் கரையும். போர் தண்ணி வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கீழே சமையலறைக் குழாயைத் திறக்கும்போது மட்டும் சூடு மாறினால் ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள், பாத்ரூமுக்குத் தொட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள்.

கேள்வி: காலையில் நன்றாகச் சுடுகிறது, சாயங்காலம் ஆறிப்போய் வருகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 180 வோல்ட். (வள்ளியூர் பக்கம்)

பதில்: 230-க்குச் செய்த காயில் 180-ல் சுமார் அறுபது சதவீதம் சூடுதான் தரும். ஹீட்டரை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு, குழாயோடு சேர்ந்த குட்டி ஹீட்டர் வாங்கினேன். ஷவரைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. டேப் சுற்றினால் போதுமா?

பதில்: போதாது. மெயினை இறக்கிவிட்டு அதைக் கழற்றுங்கள், இன்றைக்கே. தண்ணீர் சூடாக்கும் மின்சாதனத்துக்கு ஐஎஸ்ஐ கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது, முத்திரை இல்லை என்று பார்த்த பிறகும் வீட்டில் பிள்ளைகளை அதன் கீழே நிறுத்துவீர்களா? வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கரண்ட் கசிந்தால் உடனே கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கேள்வி: நாலு பேர், காலையில் வரிசையாக ஷவர் குளியல். 3 லிட்டர் ஹீட்டரா, 25 லிட்டர் ஹீட்டரா?

பதில்: 25.

கேள்வி: தம்பி, நான் தனியாக இருக்கிறவள். கடையில் ஹீட்டர் வாங்கினேன், நாலு மாதத்தில் ஒழுகுகிறது. பில் இல்லாமல் வாரண்டி கிடையாதாம். கடைக்காரர் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச் சீட்டுதான். (திசையன்விளை)

பதில்: அக்கா, தப்பு உங்கள் மேல் இல்லை. இந்த எஸ்டிமேட் சீட்டை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. வரி மிச்சம் என்று ஆசை காட்டி நீட்டுவார்கள், பழுதானால் 'எங்க கடைச் சீட்டா இது?' என்று திருப்பிக் கேட்பார்கள். நானும் ஒரு கடையில் அப்படித்தான் ஒரு ஹீட்டர் வாங்கினேன், எட்டு மாதத்தில் டேங்க் அடியில் துரு, கைக்காசு போட்டு வேறு வாங்க வேண்டியதாயிற்று. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகச் செயல். சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, கடைப் பெயர் உள்ள அட்டைப்பெட்டி, ஹீட்டரில் ஒட்டிய சீரியல் நம்பர், எல்லாம் சாட்சிதான். முதலில் கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம், கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார். மசியவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கடிதம் எழுதத் தடுமாறினால் சீட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள் அக்கா, நான் எழுதித் தருகிறேன்.