சங்கிலியை வீட்டு வாசலிலேயே மாட்டிப் பாருங்கள்

பனிச்சறுக்கு மலைக்குக் குடும்பத்தோடு காரில் போவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், சில வருடங்கள் என் அம்மாவும் சேர்த்து, 14 குளிர்காலங்களாக இப்படிப் போய் வந்துகொண்டிருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: மேப்பில் பார்த்தால் 5 மணி நேரம் என்று காட்டுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால், அன்று மாலையே வாடகைக் கடையில் பூட்ஸ், சறுக்குப் பலகை எல்லாம் வாங்கிவிடலாம் அல்லவா?

முடியாது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த 5 மணி நேரம் காய்ந்த சாலைக்குப் போட்ட கணக்கு. பனி கொட்டும் நாளில் உங்களுக்கு முன்னால் பனி தள்ளும் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். அதை முந்தக் கூடாது. அது கிளப்பும் பனிப்புகையில் எதிரே வருவது தெரியாது. முந்திவிட்டாலும், அதற்கு முன்னால் இருப்பது இன்னும் யாரும் பனியை அள்ளாத சாலை. பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்ட அரை மணி, பிள்ளைகளுக்காக நிறுத்தும் நேரம், மலையடிவாரத்து வரிசை எல்லாவற்றையும் சேர்த்தால் 8 மணி நேரம்கூட ஆகலாம்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். மலைச்சாலையின் கடைசி ஒரு மணி நேரம்தான் வழியிலேயே கடினமானது. அதை இருட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் உருகிச் சாலையில் ஓடும் தண்ணீர், வெயில் மறைந்ததும் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். பார்த்தால் தார் ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று போவதால் அவை மற்ற சாலையைவிட முன்பே உறைகின்றன. பாலம் கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். பாலத்தின் மேல் போனபிறகு பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ சட்டென்று தொட மாட்டேன்.

விடியற்காலையில் கிளம்புங்கள். முதல் நாளுக்குப் போய்ச் சேர்வது ஒன்றுதான் வேலை என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் கார். டயரில் எம் ப்ளஸ் எஸ் என்று போட்டிருக்கிறது. இது போதும் என்கிறார் கணவர். போதுமா?

போதாது அம்மா. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் பொதுதான். சிரமமில்லாமல் கிளம்பிவிட்ட தைரியத்தில் வேகமாகப் போய், வளைவில் நிற்க முடியாமல் பள்ளத்தில் இறங்கிய பெரிய கார்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

எம் ப்ளஸ் எஸ் என்பது, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்ற பொருளில் டயர் செய்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் முத்திரை. அதைப் பார்க்காமல், மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனிச்செதில் படம் இருக்கிறதா என்று டயரின் பக்கவாட்டில் தேடுங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தப் படம் உண்டு. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். சாதாரண டயர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதுமே விறைக்கத் தொடங்கிப் பிடிமானம் குறையும். நான்கு டயரையும் மாற்றுங்கள். இரண்டு மட்டும் மாற்றினால் ஒரு முனை பிடித்து நிற்க, இன்னொரு முனை சுழன்று வரும்.

காற்றையும் பாருங்கள். வெப்பநிலை ஒவ்வொரு 5, 6 டிகிரி இறங்கும்போதும் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். வீட்டில் சரியாக இருந்த டயர் மலையில் தளர்ந்திருப்பது இதனால்தான்.

கேள்வி: சங்கிலி வாங்கி டிக்கியில் வைத்துவிட்டேன். வழியில் தேவைப்பட்டால் படம் பார்த்து மாட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

இதே நினைப்பில்தான் நானும் முதல் வருடம் போனேன். இரவு எட்டரை மணி, மேட்டில் ஓர் ஒதுக்குப்புறம். சங்கிலிப் பெட்டி டிக்கியின் அடியில் இருந்ததால் எல்லாப் பைகளையும் பனியில் இறக்கி வைத்தேன். சங்கிலி சிக்கலாகக் கிடந்தது. கையுறையோடு கொக்கியைப் பிடிக்க முடியவில்லை. கழற்றினால் இரும்பு விரலோடு ஒட்டியது. மனைவி போனில் விளக்குப் பிடித்தாள், அவள் கை நடுங்கி வெளிச்சமும் நடுங்கியது. டயரின் உட்பக்கத்துக் கொக்கி பிடித்ததா இல்லையா என்று தெரியாமலேயே வண்டியை எடுத்தேன். 200 மீட்டர் போவதற்குள் சங்கிலி கழன்று மட்கார்டில் அடித்த சத்தத்தில் சின்னவள் விழித்து அழத் தொடங்கினாள். மொத்தம் 1 மணி 20 நிமிடம். ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, வாசலில் காய்ந்த தரையில் அந்தச் சங்கிலியை மூன்று முறை மாட்டிக் கழற்றியது. மூன்றாவது முறை 9 நிமிடம்தான் ஆனது.

எனவே வீட்டு வாசலில் மாட்டிப் பாருங்கள். அளவு தவறாக வாங்கியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். எந்தச் சக்கரங்கள் வண்டியை இழுக்கின்றனவோ அவற்றில்தான் மாட்ட வேண்டும். நான்கும் இழுக்கும் காரென்றால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் சங்கிலியே மாட்டக் கூடாது என்று போட்டிருக்கும். மாட்டிக் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலான சங்கிலிகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்சம். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். தலையில் கட்டும் விளக்கு, முழங்காலுக்கு ஒரு பழைய ரப்பர் பாய், ரப்பர் கையுறை, இவற்றைச் சங்கிலியோடு ஒரே பையில் போட்டு, எல்லாப் பைகளுக்கும் மேலே வையுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகனுக்குத் தடிமனான பனிக்கோட்டைப் போட்டே காரின் குழந்தை சீட்டில் உட்கார வைக்கலாமா? வழியில் குளிருமே.

வேண்டாம். காரணத்தை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கோட்டோடு உட்கார வைத்து வாரை நன்றாக இறுக்குங்கள். பிறகு வாரின் நீளத்தை மாற்றாமல் கொக்கியை மட்டும் எடுத்து, கோட்டைக் கழற்றி, மறுபடி மாட்டுங்கள். குழந்தையின் தோளுக்கும் வாருக்கும் நடுவே உங்கள் கையே போகிற அளவு இடைவெளி இருக்கும். மோதினால் கோட்டுக்குள் இருக்கும் பஞ்சு நசுங்கி, அந்த இடைவெளிதான் மிஞ்சும். மெல்லிய கம்பளிச் சட்டையோடு வாரை மாட்டி, கோட்டை முன்பக்கம் திருப்பி வாருக்கு மேலே கையில் போட்டுவிடுங்கள். பெரியவர்களும் பெல்ட்டைக் கோட்டுக்கு அடியில் போடுவதே நல்லது.

கேள்வி: பனிப்புயலில் சாலை மூடி, நடுவழியில் மணிக்கணக்கில் நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயத்தால்தான் போகவே தயங்குகிறோம்.

எங்களுக்கு ஒருமுறை 6 மணி நேரம் அப்படி ஆனது. முன்னும் பின்னும் கார்கள், அசைய வழியில்லை. அன்று நான் பயந்தது குளிருக்கு அல்ல, சைலன்சர் குழாய்க்கு. பனி குவிந்து அந்தக் குழாயை மூடினால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலியும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரும், பயணக் களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடுபவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள் என்றால் அது வெறும் தூக்கம்தானா என்று பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய நேரம் அது.

அதனால் இஞ்சினை விடாமல் ஓட விடக் கூடாது. மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் ஓட்டி, ஹீட்டரில் காரைச் சூடாக்கிவிட்டு நிறுத்துவேன். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் இறங்கி, சின்ன மண்வெட்டியால் குழாயைச் சுற்றி ஒரு முழத்துக்குப் பனியை வாரிவிடுவேன். ஓடும்போது, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரலளவு இறக்கி வைப்போம். பிள்ளைகள் இருவரும் ஒரே போர்வைக்குள். பெரியவள் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் காகிதத்தில் குறித்தாள். அந்த வேலை கொடுத்ததில் அவளுக்குப் பயம் குறைந்தது.

காரை விட்டு நடந்து போகாதீர்கள். காரைத் தேடி வருவது சுலபம், வெள்ளையில் நடந்துபோன ஆளைத் தேடுவது கஷ்டம். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தண்ணீர், கொறிக்க ஏதாவது, மருந்து, போர்வை, மண்வெட்டி, போன் சார்ஜ் ஏற்ற பவர் பேங்க், இவை ஆட்கள் உட்காரும் இடத்திலேயே இருக்கட்டும். இவ்வளவையும் வைத்திருந்தால் தயங்க வேண்டியதில்லை. சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தால் மட்டும் அன்று கிளம்பாதீர்கள். ஒருநாள் வாடகை போனால் போகட்டும்.

கேள்வி: மின்சாரக் காரில் போகலாமா?

போகலாம். கடுங்குளிரில் வழக்கமான தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையும் என்று கணக்கிடுங்கள். சார்ஜரில் இருக்கும்போதே காரைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சீட்டைச் சூடாக்குவதற்கு ஆகும் மின்சாரம் கார் முழுவதையும் சூடாக்குவதைவிடக் குறைவு.

கேள்வி: சென்ற வருடம் மகளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் கால் விறைத்து அழுதாள். நல்ல பூட்ஸ் விலைக்கே வாங்கிவிடலாமா?

இரண்டு ஜோடி போட்டதால்தான் விறைத்தது. என் பெரியவளுக்கும் இதே கதை. ஓய்வறையில் பூட்ஸைக் கழற்றியபோது சாக்ஸ் மடிந்த இடமெல்லாம் கணுக்காலில் சிவப்புக் கோடு, விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. சாக்ஸ் நெருக்கினால் ரத்தம் விரல்வரை போகாது. முழங்கால்வரை வரும் மெல்லிய ஒற்றைக் கம்பளி சாக்ஸ் போதும். உள்ளே பேண்ட்டின் நுனிகூட நுழையக் கூடாது. மறுநாள் ஒற்றை சாக்ஸோடு மதியம்வரை அவள் கால் பற்றிப் பேசவே இல்லை.

வளரும் பிள்ளைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பூட்ஸ் அளவு, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும்.

கடையில் எடை, உயரம், வயது, எவ்வளவு சறுக்கத் தெரியும் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது பலகை பூட்ஸிலிருந்து எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி அமைக்கிறார்கள். எடையைக் கூட்டிச் சொன்னாலோ, நன்றாகச் சறுக்குவேன் என்று சொல்லிவிட்டாலோ, கழல வேண்டிய நேரத்தில் அது கழலாது. முறுக்கிக்கொள்வது முழங்கால்தான்.

கேள்வி: எனக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகனும் மருமகளும் கூப்பிடுகிறார்கள். நான் சறுக்கப் போவதில்லை. அவர்களுக்குச் சுமையாக இருப்பேனோ?

அம்மா, கட்டாயம் போய் வாருங்கள். முதலில் அந்த இடம் எவ்வளவு உயரம் என்று மகனைக் கேளுங்கள். பனிச்சறுக்கு ஊர்கள் எல்லாம் ஒன்றல்ல. ஜெர்மனியின் கார்மிஷ் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜ் 2,900 மீட்டருக்கு மேல். 2,500 மீட்டருக்கு மேல் தங்குவதென்றால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை யாருக்கும் வரலாம். உங்கள் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் தாழ்வான ஊரில் ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சொல்லுங்கள். கீழே இறங்குவதுதான் அதற்கு மருந்து.

மாத்திரை உங்கள் கைப்பையில் இருக்கட்டும். செருப்புக் கடைகளில் ஷூவுக்கு அடியில் இழுத்து மாட்டும் முள் பட்டை கிடைக்கும், காரிலிருந்து அறைவரை நடக்க அது அவசியம். வெயில் கண்ணாடியும் மறக்காதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும்.

என் அம்மா வந்த வருடங்களில், கற்றுக்கொள்பவர்களின் சரிவுக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் நனைந்த கையுறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் காய வைத்திருந்ததைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாளில் பத்துத் தடவை வருவார்கள், கையுறைக்காக மட்டும் அல்ல. அவர் வராத வருடம் அந்த ஜன்னலைத் தாண்டும்போது சின்னவள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். சுமை என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 10 வயது. சறுக்கப் பிடிக்கும். சரிவின் உச்சிக்கு ஏற்றிப்போகும் தொங்கும் நாற்காலியில் ஏறத்தான் பயம். அது நிற்காமல் வருகிறதே, எப்படி ஏறுவது?

தம்பி, அந்த நாற்காலி எப்படி வந்தது தெரியுமா? 1936-ல் அமெரிக்காவின் சன் வேலியில்தான் முதல் முதலாக ஓடியது. அதை யோசித்தவர் ஜேம்ஸ் கர்ரன் என்ற ரயில்வே இஞ்சினியர். கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கியில் தொங்கவிட்டு ஏற்றும் முறையைப் பார்த்திருந்த அவர், கொக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார்.

உன் முறை வரும்போது கோடு போட்ட இடத்தில் போய் நில். இரண்டு கோலையும் ஒரே கையில் பிடி. முதுகில் பை இருந்தால் கழற்றி மடியில் வை. தலையைத் திருப்பி நாற்காலி வருவதைப் பார், முழங்காலுக்குப் பின்னால் தொட்டதும் உட்கார், நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார், கம்பியை இறக்கு. மேலே நெருங்கியதும் கம்பியைத் தூக்கி, பலகையின் நுனியை உயர்த்து. தரை சமமான இடம் வந்ததும் எழுந்து நின்றால் போதும், சரிவே உன்னைக் கொண்டு போகும். இறங்கிய இடத்தில் நிற்காமல் ஓரமாகப் போய்விடு, பின்னால் அடுத்தவர்கள் வருகிறார்கள்.

அங்கே நிற்கும் ஊழியரிடம் "எனக்கு இதுதான் முதல் தடவை" என்று சொல். வேகத்தைக் குறைத்துவிடுவார். கீழே விழுந்தாலும் நிறுத்துவதற்குப் பொத்தான் அவர் கையருகேயே இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை குறைவாக இருக்கும், அப்போது அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏறு. ஏறி வந்ததும் எனக்கு எழுது.