சிங்கப்பூர் போன ஐயா

கேள்வி: தேவகோட்டையில் மாமியாரோடு பெரிய வீட்டில் இருக்கிறேன். பையனுக்கு 6 வயது. நாலு மாதத்துக்கு முன் அவனுடைய ஐயா, என் மாமனார், தவறிவிட்டார்கள். அன்றைக்கு அவனைப் பங்காளி வீட்டில் விட்டுவிட்டு, ‘ஐயா சிங்கப்பூர் போயிருக்காக’ என்று சொல்லிவைத்தோம். பிறகு பள்ளிக்கூடத்தில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். இப்போது ராத்திரியானால் வீட்டின் உள்பக்க இரண்டாங்கட்டில் ஐயா தடி ஊன்றி நடக்கிற சத்தம் கேட்கிறது என்று அலறுகிறான். மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லை. கணவரும் சிங்கப்பூரில் வேலையில் இருப்பதால் தனியாகத் தவிக்கிறேன். போனில் அவர் முகம் தெரிந்தாலே பிள்ளை ஓடிவிடுகிறான். எந்தக் கோயிலில் பரிகாரம் செய்யலாம்?

பதில்: கோயிலை அப்புறம் பார்ப்போம் ஆச்சி. கடிதத்தில் சிங்கப்பூர் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளை சேர்த்துவிட்டான்.

ஐயா சிங்கப்பூர் போனார். ஐயா செத்துப்போனார். அப்பா இருப்பதும் சிங்கப்பூர். அப்படியென்றால் போனில் தெரிகிற முகம் யாருடையது? ஓடாமல் என்ன செய்வான்? சிங்கப்பூர் போனவர்கள் லீவில் திரும்பி வருவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் ஐயாவும் தடியோடு வருகிறார். இந்தப் பேயை வீட்டுக்குள் விட்டது நீங்கள்தான்.

பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய சாவு அது. அவனைப் பங்காளி வீட்டில் உட்காரவைத்தது பாசமில்லை, பெரியவர்களின் வசதி. செத்த பெரியவர்களுக்கு வேட்டியும் புடவையும் வைத்துப் படைக்கிற வீடு உங்களுடையது. அங்கே வளர்கிற பிள்ளைக்கு ஐயா எப்படிப் பேயானார்?

5 வயதிலிருந்து 7 வயதுக்குள்தான், செத்தவர் திரும்ப மாட்டார், உடம்புக்கு இனி எதுவும் தெரியாது என்பது பிள்ளைகளுக்கு மெல்லப் பிடிபடுகிறது. பாதி பிடிபட்ட நேரத்தில் பொய் சொன்னால் மீதியைக் கற்பனை நிரப்பிக்கொள்ளும். எனவே பகலில், அவன் வயிறு நிறைந்திருக்கும்போது, தரையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: “ஐயா சிங்கப்பூர் போகலை. நான் சொன்னது பொய். ஐயா செத்துப்போயிட்டாக. நெஞ்சு துடிக்கிறது நின்னுபோச்சு. இனி அவகளுக்கு வலியில்லை, பசியில்லை, நடக்கவும் மாட்டாக. நீ செஞ்ச எதனாலயும் சாகலை.” அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘ஐயா கதை சொல்லுன்னு தொந்தரவு பண்ணினேன், அதனாலதான்’ என்று மனசுக்குள் வைத்துக் குமைகிற பிள்ளைகள் நிறைய. ‘தூங்கிட்டாக’ என்றால் தூங்கப் பயப்படுவான். ‘சாமி கூட்டிட்டுப் போயிட்டாரு’ என்றால் சாமியறைக்குள் வரமாட்டான். என்ன நோய் என்றும் சொல்லுங்கள். வெறும் ‘காய்ச்சல்’ என்றால் அடுத்த சளிக்காய்ச்சலில் வீடே நடுங்கும். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பான், பத்துத் தடவையும் அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

தடிச் சத்தத்தை ‘ஒண்ணுமில்லை’ என்று தள்ளாதீர்கள், ஏதோ கேட்கத்தான் செய்கிறது. பகல் வெயிலில் காய்ந்த தேக்கு உத்தரமும் பலகையும் ராத்திரி குளிரும்போது சுருங்கி ‘டக் டக்’கென்று சத்தம் போடும். ஓட்டின்மேல் மரநாய் நடந்தால் ஆள் நடப்பது போலவே இருக்கும். முதலில் சாயங்காலம் ஐந்தரைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, கையைப் பிடித்து இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப்போய் உத்தரத்தைக் காட்டுங்கள். இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வாசல்படி வரைக்கும்தான் வருவான் என்றால் அன்றைக்கு அதுவே போதும். ராத்திரி உங்கள் பக்கத்திலேயே படுக்கட்டும், சின்ன விளக்கு எரியட்டும்.

கயிறு கையில் இருந்தால் இருக்கட்டும். ‘ஐயா இவனை விடமாட்டேங்கிறாக’ என்று அவன் காதுபட யாரும் பேசக் கூடாது, மாமியார் உட்பட. அடுத்த படைப்பில் பூவை அவனை வைக்கச் சொல்லுங்கள். பரிகாரம் அதற்குமேல் தேவையில்லை.

சாப்பாடு குறைந்தால், விட்டுப்போன படுக்கை நனைப்பது திரும்ப வந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ‘நானும் ஐயாகிட்டப் போறேன்’ என்று சொன்னால் அன்றைக்கே போக வேண்டும். மனநல உதவிக்கு 14416 இலவச எண்.

இதற்கெல்லாம் முன்னால் கணவரிடம் பேசுங்கள். ஐயாவைப் பற்றி உண்மையைச் சொன்ன பிறகே அவர் பிள்ளைக்கு முகம் காட்டட்டும். தங்கியிருக்கிற அறை, சோறு வடிக்கிற பாத்திரம், அங்கே தேக்கா சந்தையில் காய்கறிக் கடை என்று போனைத் திருப்பித் திருப்பிக் காட்டட்டும். லீவு உறுதியானால் மட்டும் தேதியைச் சொல்லிக் காலண்டரில் வட்டம் போடுங்கள். இன்னொரு பொய்த் தேதி வேண்டாம். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஞாயிறு காலை 10 மணிக்குக் கூப்பிட்டால் அவருக்குப் பன்னிரண்டரை, இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சம் இருக்கும்.