அபிலீன்: மாடு வந்த ஊர், மாடு போன ஊர் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டிக்கின்சன் கவுன்டியின் தலைநகர் அபிலீன். அதன் தொடக்க காலம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: கவுன்டி தலைநகர் என்றால் நம் மாவட்டத் தலைநகர் மாதிரியா சார்?

ப: வேலை அதேதான்: கோர்ட்டு, பத்திரப் பதிவு, வரி, சிறை. அளவு மட்டும் தாலுகா ஆபீஸ் அளவு. கான்சஸில் மட்டும் 105 கவுன்டிகள். எந்த ஊர் தலைநகர் என்பதைப் பல இடங்களில் ஓட்டுப் போட்டே முடிவு செய்தார்கள். ஜெயித்த ஊரில் மனை விலை ஏறும். தோற்ற ஊர் சில சமயம் இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். அதனால் சில கவுன்டிகளில் விவகாரம் துப்பாக்கிச் சண்டை வரை போனது. அபிலீனுக்கு 1861இல் அந்தப் பதவி கிடைத்தது. கான்சஸ் மாநிலமானதும் அதே வருஷம்தான்.

கே: பெயர் எங்கிருந்து வந்தது?

ப: பைபிளிலிருந்து. தமிழ் வேதாகமத்தில் லூக்கா 3:1 பாருங்கள், ‘அபிலேனே’ என்று இருக்கும். முதலில் குடியேறிய திமொத்தி ஹெர்சியின் மனைவிதான் அந்தப் பெயரைச் சொன்னதாக ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

கே: அதற்கு முன் அங்கே யாருமே இல்லையா?

ப: அதெப்படி! அது கா பழங்குடியினரின் வேட்டை நிலம். அவர்களுடைய ‘கான்சா’ என்ற பெயரைத்தான் மாநிலம் வைத்துக்கொண்டது. 1873இல் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கே: இவ்வளவு சின்ன ஊரை மாட்டு வியாபாரி ஏன் தேடி வந்தார்?

ப: சின்ன ஊர் என்பதால்தான்! உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் லட்சக்கணக்கில் மாடு, வாங்க ஆளில்லை. அங்கே ஒரு மாடு நாலு டாலர் என்றால் வடக்கே அதன் பத்து மடங்கு. நடுவில் ஒரு சிக்கல்: டெக்சாஸ் மாடு கடந்து போன வழியில் உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன, வந்த மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. உண்ணிதான் காரணம் என்று 1890களில்தான் தெளிவானது. அதுவரை விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். கான்சஸ் அரசும் 1867இல் தடைச் சட்டம் போட்டது.

அந்த வருஷம்தான் டெக்சாஸ் மாட்டை ரயிலேற்ற ஓர் இடம் தேடி இல்லினாயிலிருந்து மாட்டு வியாபாரி ஜோசப் மெக்காய் வந்தார். ரயில் பாதையோரம் இருந்த மற்ற ஊர்கள் ஒத்துவரவில்லை. அபிலீனில் அப்போது மண் கூரை போட்ட மரக் குடிசைகள் ஒரு டஜன் இருந்திருக்கும். எதிர்க்க ஆளில்லை, புல்லும் தண்ணீரும் தாராளம். சட்டப்படி பார்த்தால் இந்த ஊரும் தடைப் பகுதிக்குள்தான், ஆனால் கவர்னரே கண்டுகொள்ளவில்லை. பட்டி, எடைமேடை, ‘டிரோவர்ஸ் காட்டேஜ்’ என்ற ஓட்டல் எல்லாம் ஒரே கோடையில் எழும்பின. 1867 செப்டம்பர் 5ஆம் தேதி 20 பெட்டி நிறைய மாடுகளோடு முதல் ரயில் கிளம்பியது. அந்த வருஷம் வந்தவை சுமார் 35,000.

கே: ஜெசி சிஷோம் ஓட்டி வந்த மந்தைதானே அது?

ப: இல்லை தம்பி. செரோக்கி தாய்க்குப் பிறந்த சிஷோம் ஒரு வணிகர். அவருடைய சரக்கு வண்டித் தடத்தில் மாட்டுக்காரர்கள் வந்தார்கள், அந்த வழிக்கு ‘சிஷோம் டிரெயில்’ என்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் 1868இலேயே இறந்துவிட்டார்.

கே: துப்பாக்கிக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் பற்றி ஒரு வார்த்தை?

ப: எல்லாரும் இதைத்தான் கேட்கிறீர்கள்! அவர் அங்கே மார்ஷலாக, அதாவது ஊர்க் காவல் தலைவராக, இருந்தது 1871இல் எட்டே மாதம். அக்டோபரில் ஃபில் கோ என்பவரைச் சுட்டார். அதே இரவில் உதவிக்கு ஓடி வந்த தன் கூட்டாளி மைக் வில்லியம்ஸையும் ஆள் தெரியாமல் சுட்டுவிட்டார். டிசம்பரில் வேலை போனது. என்னைக் கேட்டால், கெட்டிக்காரர் அவருக்கு முன் இருந்த டாம் ஸ்மித்தான். ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்ற விதியைப் பெரும்பாலும் வெறும் முஷ்டியாலேயே நடத்திக் காட்டியவர். 1870 நவம்பரில் ஊருக்கு வெளியே ஒரு குடியானவனைக் கைது செய்யப் போன இடத்தில் கோடாலிக்குப் பலியானார்.

கே: மாட்டு வியாபாரம் ஏன் நின்றது?

ப: விவசாயிகள் பெருகிவிட்டார்கள். பயிரை மாடு மேய்ந்தால் யார் பொறுப்பார்கள்? 1872இல் “இனி இங்கே வராதீர்கள்” என்று டெக்சாஸ்காரர்களுக்குச் சுற்றறிக்கையே விட்டார்கள். மந்தைகள் எல்ஸ்வர்த், விச்சிட்டா பக்கம் திரும்பின. ஆக மொத்தம் ஐந்தே பருவம். டி. சி. ஹென்றி என்பவர் குளிர்காலக் கோதுமையைப் பெரிய அளவில் விதைத்து வழிகாட்ட, ஊர் அதில் பிழைத்துக்கொண்டது.

கே: அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் இந்த ஊர்க்காரரா அண்ணா?

ப: வளர்ந்த ஊர். அவர் பிறந்தது 1890இல், டெக்சாஸில். வரக்கூடாது என்று சொல்லி இருபது வருஷம் கழித்து அங்கிருந்து வந்த கூட்டத்தில் அந்தக் கைக்குழந்தையும் ஒன்று! அப்பாவுக்கு வேலை கிடைத்தது உள்ளூர் வெண்ணெய்த் தொழிற்சாலையில். கடைசியில் மாடுதான் சோறு போட்டது.