கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சில நாட்களாக மனதில் கிடக்கும் ஒன்றைக் கேட்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எங்கேயோ படித்துவிட்டு வந்து, "ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாக்டீரியா இருக்காம்மா, வெறும் கண்ணாலேயே பார்க்கலாமாம். அப்போ புத்தகத்தில் இருப்பது பொய்யா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வாரத்துக்கு ஒரு செய்தி, 'விஞ்ஞானிகள் வியப்பு', 'இதுவரை நம்பியதைப் புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பு' என்று வருகிறது. கொஞ்ச நாளில் அது தவறு என்று இன்னொரு செய்தி. இப்படி மாறிக்கொண்டே இருப்பதை ஒரு குழந்தை ஏன் நம்பிப் படிக்க வேண்டும்? இன்னொரு பக்கம், பெரிய விஷயங்களையெல்லாம் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள் என்றும் தோன்றுகிறது. அவள் வளர்ந்து வரும்போது ஏதாவது பாக்கி இருக்குமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் படித்தது உண்மை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் பொய் இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

கரீபியக் கடலில் குவாதலூப் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காடுகளில், நீருக்கடியில் அழுகிக் கிடக்கும் இலைகளின்மேல் மெல்லிய வெள்ளை இழைகளை 2009இல் ஒலிவியே குரோ என்ற உயிரியலாளர் பார்த்தார். இத்தனை பெரியது பாக்டீரியாவாக இருக்கும் என்று அவரே முதலில் நினைக்கவில்லை. பிறகு பல ஆய்வகங்களைச் சேர்ந்தவர்கள் அந்த இழையை விதவிதமான நுண்ணோக்கிகளில் பார்த்து, அதன் மரபணுக்களைப் படித்து, ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு பாக்டீரியா செல்தான் என்று உறுதி செய்தார்கள். முடிவுகள் 2022 ஜூனில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. தயோமார்கரிட்டா மாக்னிஃபிகா என்பது அதன் பெயர். சராசரி நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சில இரண்டு சென்டிமீட்டர் வரை போகின்றன. நாம் சாதாரணமாக அறிந்த பாக்டீரியாக்கள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

செய்தியாக வந்தது இவ்வளவுதான். ஆனால் பாக்டீரியா ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்று நம்பினார்கள் என்பதைச் சொல்லாமல் இதைச் சொன்னால், உலகின் மிக உயரமான மனிதர் என்பதுபோல ஒரு சாதனைத் தகவலாகத்தான் காதில் விழும்.

காரணம் இதுதான். நம் உடல் செல்களுக்குள் பொருள்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்லும் ஏற்பாடுகள் உண்டு. பாக்டீரியாவில் அவை பெரும்பாலும் கிடையாது. வெளியிலிருந்து நுழையும் உணவு மூலக்கூறு, தானாக அங்குமிங்கும் மோதிப் பரவித்தான் உள்ளே போய்ச் சேர வேண்டும். இப்படிப் பரவுவதில் ஒரு சிக்கல்: தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். குட்டிச் செல்லுக்கு இது பிரச்சினையே இல்லை. சென்டிமீட்டர் அளவு செல்லில் உணவு நடுவே போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே பாக்டீரியா பெரிதாக வளர முடியாது என்பது நியாயமான முடிவுதான்.

இப்போது அந்த இழையின் உள்ளே பாருங்கள். அதன் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு அருகே வெறும் நீர்ப்பை! உயிர்ப்பொருள் முழுவதும் வெளிச்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக ஒதுங்கியிருக்கிறது. அதனால் எந்தப் பொருளும் நீண்ட தூரம் பரவ வேண்டியதில்லை. டிஎன்ஏவும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. சவ்வால் சுற்றப்பட்ட எண்ணற்ற சிறு பொதிகளில், செல்லின் நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஒரே செல்லில் லட்சக்கணக்கான டிஎன்ஏ பிரதிகள். எந்தப் பகுதிக்குப் புரதம் தேவையோ, அங்கேயே அதைத் தயாரித்துக்கொள்ளலாம்.

பரவல் விதியை இந்த உயிரினம் மீறவில்லை. சொல்லப்போனால் விதி உண்மையாக இருப்பதால்தான் அதன் உடல் இப்படி வினோதமாக அமைந்திருக்கிறது. தவறியது, அந்த விதியிலிருந்து நாம் போட்ட கணக்கு. உள்ளே நீர்ப்பையை வைத்துக்கொண்டு தப்பலாம் என்பது நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தின் அடித்தளம் அப்படியே இருக்கிறது, ஒரு வாக்கியத்தில் 'பெரும்பாலும்' என்ற சொல் கூடியிருக்கிறது. உங்கள் மகளிடம் இதையே சொல்லுங்கள். ஏன் சிறியது என்ற காரணத்தோடு பாடத்தைப் படித்த குழந்தைக்கு இந்தச் செய்தி அதிர்ச்சி தராது, பெரிய மகிழ்ச்சி தரும்.

இன்னோர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதை நேரடியாக எடுத்து உயிர்களுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது பாக்டீரியாக்களும், அவற்றைப் போன்ற இன்னொரு வகை நுண்ணுயிர்களான ஆர்க்கியாக்களும் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று படித்திருப்போம். பயறுவகைச் செடிகள்கூட வேர் முடிச்சுகளில் பாக்டீரியாக்களைக் குடிவைத்துத்தான் அதைச் செய்துகொள்கின்றன.

ஜொனாதன் ஜெர் என்ற கடல் ஆய்வாளர் பசிபிக் கடல்நீரில் நைட்ரஜனைப் பிடிக்கும் ஏதோ ஒன்றின் சிறு டிஎன்ஏ துணுக்கை 1998இல் கண்டார். அது யாருடையது என்று தெரியவில்லை. ஜப்பானில் கியோகோ ஹகினோ என்ற ஆய்வாளர் ஒற்றைச் செல் கொண்ட ஒரு நுண்ணிய கடற்பாசியை ஆய்வகத்தில் வளர்க்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுகொண்டிருந்தார். அதற்காக முந்நூறு முறைக்கும் மேல் கடல்நீர் எடுக்கப் போயிருக்கிறார். இருவர் தேடியதும் கடைசியில் ஒன்றில் வந்து சேர்ந்தது. ஜெர் தேடிய உயிர் ஹகினோவின் பாசிக்குள் இருந்தது. வெறும் விருந்தாளியாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆனால் அது பாசியோடு சேர்ந்தே வளர்கிறது, பாசி பிரியும்போது ஒழுங்காகத் தானும் பிரிகிறது, தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது என்று 2024இல் நிறுவினார்கள். அதாவது அது பாசிச் செல்லின் உள்ளுறுப்பாகவே ஆகிவிட்டது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் செல்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவும் இலைகளிலுள்ள பசுங்கணிகமும் ஒரு காலத்தில் இப்படி உள்ளே நுழைந்து தங்கிவிட்ட பாக்டீரியாக்கள்தான். அந்தக் கதையின் இன்னோர் அத்தியாயம் நம் கண்முன் கிடைத்திருக்கிறது. நைட்ரஜனைப் பிடிப்பது பாக்டீரியாவின் வேலை என்ற பழைய பாடம் இங்கேயும் முழுதாகச் செத்துவிடவில்லை. அந்த உறுப்பே பழைய பாக்டீரியாதானே.

சரி, அடுத்த மாதம் பொய்த்துப்போகும் செய்திகள்? அவையும் உண்டு. 2011இல் நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிட வேகமாகப் போனதாக ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. எங்கே தவறு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர்களே மற்றவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஒளியிழை வடம்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2023 ஜூலை, ஆகஸ்டில் அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் எல்கே-99 என்ற பொருளைப் பற்றி உலகமே பேசியது. சில வாரங்களில் பல நாட்டு ஆய்வகங்கள் செய்துபார்த்து அப்படியொன்றும் இல்லை என்றன. மிகவும் நீண்டுபோனது ஆர்செனிக் பாக்டீரியா விவகாரம். பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்செனிக்கைக் கொண்டு ஒரு பாக்டீரியா வாழ்கிறது என்று 2010இல் 'சயின்ஸ்' இதழில் பெரிய ஆரவாரத்தோடு வந்தது, 2012இல் வேறு குழுக்கள் மறுத்தன, 2025இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கட்டுரையாளர்கள் அதை ஏற்கவில்லை.

பொய்த்தவற்றையும் நின்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வாசகருக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிறது. புதிய செய்தி பழைய அறிவை என்ன செய்கிறது என்று கேட்டுப்பாருங்கள். இதுவரை ஏன் அப்படி நம்பினோம், அந்த நம்பிக்கை எங்கெல்லாம் இன்னும் சரி என்பதையும் சேர்த்து விளக்கினால் அது பெரும்பாலும் நிற்கும். ஒரே அடியில் எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொன்னால் கொஞ்சம் காத்திருங்கள். விதிவிலக்குகள் உண்டு. டான் ஷெக்ட்மன் 1982இல் ஓர் உலோகக் கலவையில், படிகங்களில் சாத்தியமே இல்லை என்று கருதப்பட்ட ஒழுங்கைக் கண்டார். கேலி செய்தார்கள், ஆய்வுக்குழுவை விட்டே போகச் சொன்னார்கள். கடைசியில் படிகம் என்பதன் வரையறையையே மாற்ற வேண்டியிருந்தது. 2011இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் அவருடைய படிகத்தை மற்றவர்களும் செய்துபார்க்க முடிந்தது, அவர்களுக்கும் அதே வடிவம் தெரிந்தது. எல்கே-99க்கு அது நடக்கவில்லை.

அப்புறம் எண்கள். கிரீன்லாந்து சுறா 400 ஆண்டு வாழும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 2016இல் வந்த ஆய்வு சொன்னது: ஆராய்ந்த சுறாக்களில் மிகப் பெரியதன் வயது 392, கூடவோ குறையவோ 120 ஆண்டு. அதாவது 272இலிருந்து 512க்குள். பிறப்பதற்கு முன்பே உருவாகி, அதன்பின் மாறாமல் இருக்கும் கண்வில்லையின் மையப்பகுதியில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து இந்தக் கணக்கைப் போட்டார்கள். அந்த 120ஐச் செய்திகள் விட்டுவிடுகின்றன. மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற எண்ணம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். விஞ்ஞானிகள் முதல் நாளே சொன்ன தயக்கத்தை நாம் கேட்பதில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், பாக்கி இருக்கிறதா என்று. பூமியின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, 200 மீட்டருக்கும் ஆழமான கடல்தரை. அதில் மனிதர்கள் கண்ணாலோ கேமராவாலோ இதுவரை பார்த்தது 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பார்க்கப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2021இல் ஒரு சான்று கிடைத்தது. அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் 'போலார்ஷ்டெர்ன்' என்ற ஜெர்மானியக் கப்பல் ஒரு கேமராவைக் கடல்தரைக்கு மேலே இழுத்துக்கொண்டு போனது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓர் ஆய்வு மாணவி. வட்டமாக ஒரு மீன்கூடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. நான்கு மணி நேரம் கூடுகள் முடியவே இல்லை. அதற்குமுன் இந்த வகைப் பனிமீன்களின் கூடுகளைச் சில டஜன்களாகத்தான் பார்த்திருந்தார்கள். இங்கே சுமார் 240 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 6 கோடி கூடுகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் சராசரியாக 1,700க்கு மேல் முட்டைகள், பெரும்பாலான கூடுகளில் காவலுக்கு ஒரு பெரிய மீன். சுற்றியுள்ள நீரைவிட அங்கே கொஞ்சம் வெப்பமான நீர் மேலேறி வருகிறது. சீல்கள் அந்தப் பகுதியையே தேடிப் போய் மூழ்குவது முன்பே பதிவாகியிருந்தது, ஏன் என்பதுதான் இப்போது விளங்குகிறது. அடுத்த கப்பல் வரும்வரை படமெடுத்துக்கொண்டிருக்க இரண்டு கேமராக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அன்புடன்