சளி மாத்திரையும் லீனா ஸ்டெர்னும்

கேள்வி: அதிகம் பேர் கேள்விப்படாத, ஆனால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் பெண் விஞ்ஞானி யார்? ஏன்?

நான் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ஒரு நாளைக்கு நாலு பேராவது கவுன்டரில் கேட்பார்கள்: "இந்த மாத்திரை போட்டா தூக்கம் வருமா? நான் வண்டி ஓட்டணும்." அவில் என்றால் வரும் என்பேன். ஃபெக்ஸோஃபெனடின் என்றால் பெரும்பாலும் வராது என்பேன். இரண்டுமே அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுப்பவைதான். அவில் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்துவிடும், இன்னொன்று அவ்வளவாகப் போகாது. அதுதான் வித்தியாசம். மூளைக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களில் ஒரு தடுப்பு இருக்கிறது. எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்பது அங்கே முடிவாகிறது.

அதற்கு 'ரத்த-மூளைத் தடுப்பு' என்று பெயர். 1921-ல் பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயரை வைத்தவர் லீனா ஸ்டெர்ன். என் பதில் அவர்தான். நான் படித்த பாடப்புத்தகத்தில் இந்தத் தடுப்பைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது, அவர் பெயர் இல்லை. பல வருடம் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் அவரைப் பற்றிப் படித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

லீனா 1878-ல் ரஷ்யப் பேரரசில் இருந்த லிபாவ் என்ற துறைமுக ஊரில், ஒரு யூத வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது லாத்வியாவில் இருக்கிறது. ஜார் ஆட்சியில் பல்கலைக்கழகங்களில் யூதர்களுக்கு இத்தனை சதவீதம்தான் என்று உச்சவரம்பு இருந்தது. பெண்களுக்கோ கதவே மூடியிருந்தது. அதனால் மருத்துவம் படிக்க ஜெனீவா போனார். 1903-ல் பட்டம் வாங்கி, அங்கேயே ஃபெடெரிகோ பட்டெல்லி என்ற உடலியல் அறிஞரோடு சேர்ந்து, உயிரணுக்கள் ஆக்ஸிஜனை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்தார். 1918-ல் பேராசிரியர் ஆனார். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

மூளை விஷயத்துக்கு வருகிறேன். 1885-லேயே பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்திருந்தார். எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளை மட்டும் மாறவில்லை. 1913-ல் அவருடைய மாணவர் கோல்ட்மன் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் பிடித்தது, மற்ற உறுப்புகள் பிடிக்கவில்லை. லீனா சாயத்தோடு நிற்கவில்லை. பலவகை வேதிப்பொருட்களையும் மருந்துகளையும் ரத்தத்தில் செலுத்தி, எது மூளைக்குப் போய்ச் சேருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில போயின, சில போகவில்லை. அப்படியானால் இது வெறும் சுவர் இல்லை, மூளை தன் சூழலை ஒரே சீராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றார். இன்று மூளைக்கு மருந்து தயாரிக்கும் ஒவ்வொருவரும் முதலில் மோதுவது இந்த ஏற்பாட்டின் மேல்தான்.

1925-ல் அவர் ஜெனீவாவை விட்டு மாஸ்கோ போனார். யாரும் துரத்தவில்லை, விரும்பித்தான் போனார். ஏமாந்துபோனார் பாவம் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. யூதர் என்றும் பெண் என்றும் சொல்லிப் படிக்கவிடாத அதே நாடு, இனி அந்த இரண்டும் தடையில்லை என்கிறது. ஆராய்ச்சிக்கு இடம் தருகிறேன், வா என்று கூப்பிடுகிறது. நானாக இருந்தாலும் போயிருப்பேன். சொன்னதைக் கொடுக்கவும் செய்தது. 1929-ல் உடலியல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். 1939-ல் சோவியத் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினர் ஆனார், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். 1943-ல் ஸ்டாலின் பரிசும் கிடைத்தது.

என்னை மிகவும் பாதித்தது ஸ்ட்ரெப்டோமைசின் கதை. காசநோய்க் கிருமி மூளை உறையில் இறங்கிவிட்டால், அந்தக் காலத்தில் குழந்தை பிழைப்பது அபூர்வம். 1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அந்த மருந்து ரத்தத்திலிருந்து மூளைப் பக்கம் சரியாகப் போகாது. தடுப்பை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்கு வழி தெரிந்திருந்தது. பிடரியில், மண்டை ஓடு கழுத்தோடு சேரும் இடத்தில் ஊசியை இறக்கி, மூளையைச் சுற்றியுள்ள நீரிலேயே மருந்தைச் செலுத்தச் செய்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். மருந்துதான் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இருந்த அவருடைய சகோதரர் அனுப்பிவைத்த குப்பிகளை வைத்துத்தான் வைத்தியம் நடந்தது. குப்பி தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பது கவுன்டரில் நிற்கிற எனக்குக் கொஞ்சம் புரியும். மருந்து இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்பதைவிடக் கொடுமை எங்கள் தொழிலில் கிடையாது.

போர் முடிந்ததும் காற்று மாறியது. நேற்றுவரை பெருமையாக இருந்த ஒவ்வொன்றும் குற்றமாக மாறியது. வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு பழக்கம் இருந்தால் நாட்டுப்பற்று இல்லாத 'நாடற்றவர்' என்று பட்டம் கட்டினார்கள். பத்திரிகைகளில் அவருடைய ஆராய்ச்சியைத் தாக்கி எழுதினார்கள். 1948-ல் நிறுவனம் கையை விட்டுப் போனது.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறொரு பக்கம் இருந்தது. 1942-ல், ஹிட்லருக்கு எதிராக உலக யூதர்களின் ஆதரவைத் திரட்ட சோவியத் அரசே 'யூத பாசிச எதிர்ப்புக் குழு' என்று ஒன்றை அமைத்தது. நாடகக் கலைஞர் சாலமோன் மிகோயல்ஸ் அதன் தலைவர். லீனாவும் குழுவில் இருந்தார். அரசு கேட்டுக்கொண்டபடி வெளிநாட்டு யூதர்களோடு தொடர்பு வைத்தார்கள், பணமும் திரட்டினார்கள். 1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரில் மிகோயல்ஸைக் கொன்றுவிட்டு, விபத்து என்றார்கள். அந்த நவம்பரில் குழுவைக் கலைத்தார்கள். 1949 ஜனவரியில் லீனாவைக் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு 70 வயது.

மூன்றரை வருடம் சிறை. தனக்கு நடந்ததைப் பின்னால் விசாரணை அறையில் அவரே சொன்னார். ரகசியப் போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர் அபகூமோவ் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். ஓர் அமைச்சர் அறிவியல் கழக உறுப்பினரிடம் பேசும் முறை இதுதானா என்று லீனா திருப்பிக் கேட்டிருக்கிறார். லெஃபோர்டோவோ சிறையை நரகத்தின் வாசல் என்று நீதிபதி முன்னாலேயே சொன்னார். 70 வயதில், அந்த இடத்தில், அந்தக் கேள்வி! நான் இதைப் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்.

1952 மே முதல் ஜூலை வரை ரகசிய விசாரணை நடந்தது. 15 பேர் மேல் வழக்கு. அரசுத் தரப்பு வக்கீலும் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீலும் இல்லை, ராணுவ நீதிபதிகள் மட்டும். உளவு பார்த்தார்கள், யூதத் தேசியம் பேசினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒருவர் விசாரணைக்கு நடுவிலேயே நோயில் விழுந்து, பிறகு சிறையிலேயே இறந்தார். 13 பேரை ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவின் லுபியாங்கா சிறையில் சுட்டுக் கொன்றார்கள். பெரெட்ஸ் மார்கிஷ், லெய்ப் க்விட்கோ, டேவிட் ஹோஃப்ஸ்டெய்ன் போன்ற, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதிய கவிஞர்கள் அதில் இருந்தார்கள். க்விட்கோ குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். பெரிய மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த டாக்டர் ஷிமெலியோவிச்சும் இருந்தார்.

உயிரோடு விடப்பட்டவர் லீனா ஒருவர்தான். மூன்றரை வருடச் சிறையும் ஐந்து வருட நாடுகடத்தலும் அவருக்குத் தண்டனை. சிறைக்காலம் ஏற்கெனவே கழிந்திருந்ததால் நேராகக் கஜகஸ்தானில் உள்ள ஜம்புல் ஊருக்கு அனுப்பினார்கள். ஆயுளை நீட்டிக்கும் வழியை அவரிடம் எதிர்பார்த்துத்தான் ஸ்டாலின் விட்டுவைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த மாதிரிக் கதைகளை நான் மற்றவர்களிடம் சொல்வதில்லை.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். லீனா மாஸ்கோ திரும்பினார். 1955 நவம்பரில் அந்தத் தீர்ப்பு செல்லாது, குற்றத்துக்கு ஆதாரமே இல்லை என்று ராணுவ நீதிமன்றமே ரத்து செய்தது. சுடப்பட்ட 13 பேரின் குடும்பங்களுக்கு, அவர்கள் உயிரோடு இல்லை என்பதே அந்தச் சமயத்தில்தான் முறையாகத் தெரிவிக்கப்பட்டது. லீனா மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குள் போனார். உயிர் இயற்பியல் நிறுவனத்தில் உடலியல் துறைத் தலைவராக, 1954-லிருந்து சாகும்வரை வேலை பார்த்தார். விட்ட இடத்திலிருந்து அதே தடுப்பைத்தான் ஆராய்ந்தார்.

அப்புறம், 1967-ல் அமெரிக்காவில் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இரண்டு பேர் எலியின் மூளையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். மெல்லிய ரத்தக் குழாயின் சுவரில் உள்ள உயிரணுக்கள், ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் இறுகப் பொருந்தி நின்றன. லீனா 1921-ல் பெயர் வைத்த தடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். மாஸ்கோவில் அவருக்கு 90 நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் மார்ச் 7-ஆம் தேதி இறந்தார்.