சாயப்பட்டறைப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். எனக்கு வகுப்பு நேரம் குறைகிறது என்று சொல்லி, முதலாமாண்டு பி.காம். மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் கல்விப் பாடத்தையும் இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் எந்தப் பயிற்சியும் கிடையாது. "பாஸ் பண்ணினா போதும்தானே சார்?" என்பதுதான் மாணவர்கள் கேட்கும் ஒரே கேள்வி. போஸ்டர் போட்டி, மரக்கன்று நடுவது, இதைத் தாண்டி எனக்கும் எதுவும் தோன்றவில்லை. இன்னொரு சங்கடம். வகுப்பில் பாதிப் பேருடைய அப்பா அம்மா பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ வேலை பார்க்கிறார்கள். மாசுபாடு பற்றிப் பேசினால் அவர்கள் வீட்டுச் சோற்றைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியாகச் சொன்ன சங்கடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் வகுப்புக்கான பாடம் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பாடம் எல்லாக் கல்லூரிகளுக்கும் வந்ததே நீதிமன்றம் வழியாகத்தான். 1991ல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. (சினிமா தியேட்டரில் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் ஸ்லைடு போடவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. யார் பார்த்தார்களோ!) பல்கலைக்கழக மானியக் குழு பாடத்திட்டம் போட்டு முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்த மூலத் திட்டத்தில் மொத்தம் 50 வகுப்புகள், எட்டு அலகுகள். கடைசி அலகு களப்பணி, அதற்கு 25 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 75. நம் கல்லூரிகள் இதில் பெரும்பாலும் களப்பணியைத்தான் முதலில் கைகழுவின. ஓசோன் படலத்துக்கு வரையறை எழுத வைப்பது சுலபம், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது தொல்லை. அப்புறம் மாணவன் பாஸ் மார்க் பற்றித்தான் கேட்பான், வேறு என்ன கேட்பான்?

உங்களிடம் நான் சொல்ல ஒரே விஷயம்தான் இருக்கிறது. இதை ஒழுக்கப் பாடமாக எடுக்காதீர்கள், கணக்குப் பாடமாக எடுங்கள். வணிகவியல் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட வேண்டியதே இல்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மீதி எங்கே என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பாதி சூழலியல் தெரிந்த மாதிரிதான்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி தண்ணீரில் நனைந்தால் இழையின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கும். பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம்தான், அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழையோடு சேர்க்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள், அடர்த்தியான நிறம் என்றால் இன்னும் கூடுதலாக. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. 200 கிராம் டீ சர்ட் ஒன்றுக்கு நூறு கிராம் வருகிறது. இதில் துணியோடு எவ்வளவு போகிறது என்று வகுப்பில் கேளுங்கள். ஒன்றும் போவதில்லை என்றே சொல்லலாம், சாயம்தான் துணியில் ஒட்டும். போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

மீதிக் கதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், நிறம் குறைந்தது. கரைந்த உப்பு வண்டலாக அடியில் தங்காது, பாக்டீரியாவும் அதைத் தின்னாது. அது நொய்யல் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிணறுகளுக்குப் போனது. எந்த ஆயக்கட்டுக்காக, அதாவது பாசன நிலத்துக்காக, அணை கட்டினார்களோ, அந்த விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். 2006ல் உயர் நீதிமன்றம், 2009ல் உச்ச நீதிமன்றம் என்று போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடமாட்டோம் என்று காட்டினால்தான் திறக்கலாம். அன்றைக்கு வேலை போனது உங்கள் மாணவர்களின் அப்பாக்களுக்கு. வயல் போனது ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த வேறு அப்பாக்களுக்கு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம், யார் வீட்டையும் குறை சொல்லாமல் இதைப் பேச முடியும். அந்த உப்பை வாங்கியது தொழிலாளி இல்லை, துணியின் விலையை முடிவு செய்தவரும் அவர் இல்லை. மலிவாக டீ சர்ட் வாங்கிய நமக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி உண்டு.

இப்போது சவ்வு வடிகட்டி வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பை மீட்டு மறுபடியும் சாயத்துக்கே போடுகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான், அதற்காகக் கணக்கு முடிந்துவிட்டது என்று விடாதீர்கள். கொதிக்கவைக்க மின்சாரமும் எரிபொருளும் எங்கிருந்து வருகின்றன, மீட்க முடியாத கலப்பு உப்பும் சேறும் எந்தக் கொட்டகையில் கிடக்கின்றன, இந்தச் செலவு ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு ஏறுகிறது? 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும். வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையை நாட்டின் சட்டத்தின் பகுதி என்றே சொல்லிவிட்டது. உங்கள் பி.காம். பிள்ளைகளை அதற்கு ஒரு செலவுத்தாள் போட வையுங்கள். இயற்கை வளம், மாசுபாடு, சமூகப் பிரச்சினைகள் என்று நாலைந்து அலகு அதிலேயே முடிந்துவிடும்.

களப்பணிக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, இரண்டு மூன்று வாங்குங்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு போர், பக்கத்துக் கிணறு, குழாய்த் தண்ணீர் மூன்றையும் அளந்து, இடமும் தேதியும் ஆழமும் குறித்துக்கொண்டு வரட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அறுபது பேர் வகுப்பு என்றால் 180 அளவுகள், ஊர் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மீட்டர் மின்கடத்தலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. உப்பு அதிகமா குறைவா என்று காட்டும், அது பட்டறை உப்பா பாறை உப்பா என்று சொல்லாது. கிருமி, பூச்சிமருந்து எதுவும் அதற்குத் தெரியாது. எண் குறைவாக வந்ததும் 'எங்க தண்ணி சுத்தம்' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அதற்கு மார்க் போடாதீர்கள்.

பட்டறைப் பெயர், கிணற்றுக்காரர் பெயர் எதுவும் அறிக்கையில் வேண்டாம். மாணவர்களுக்கு அதனால் வம்பு வரும். மரக்கன்று விழா? நிர்வாகம் கேட்டால் நடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். களப்பணி மதிப்பெண்ணில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.