மூன்று மேசைக்கும் ஒரே கடிகாரம்

கேள்வி: எங்கள் குழுவில் பதினான்கு பேர். 1815 ஜூன் 16 அன்று நெப்போலியனின் படைகள் மோதிய லிக்னி, காத்ர் ப்ரா சண்டைகளைப் பொம்மைப் படைகளும் பகடையும் வைத்து இரண்டு மேசைகளில் போர் விளையாட்டாக ஆடினோம். நான்தான் நடுவர். லிக்னி மேசையில் பிற்பகல் மூன்றரை மணி ஓடிக்கொண்டிருக்க, அடுத்த மேசையில் இரவு ஏழு மணி ஆகிவிட்டது. நெப்போலியனின் தளபதி தெர்லோனின் படை எந்த மேசைக்கு எப்போது வந்து சேரும் என்று பெரிய சச்சரவு. இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அடுத்து, அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்த வாட்டர்லூவை மூன்று மேசைகளில் நடத்தப்போகிறோம். நடுவர் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள், நீங்களே இருங்கள். எழுந்து போனவர்களுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. எந்த மணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஆடியதுதான் அவர்களைச் சோர வைத்திருக்கிறது. தெர்லோனிடம் சுமார் 20,000 பேர் இருந்தார்கள். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் இடைவெளியில் நடந்த இரண்டு சண்டைகளுக்கும் நடுவே அன்று பிற்பகல் முழுக்க அலைந்து, இரண்டிலும் உருப்படியாகக் கலந்துகொள்ளாமல் போனார்கள். மேசைகளின் நேரம் ஒன்றாக இருந்திருந்தால் இந்தத் தவிப்பே உங்கள் ஆட்டத்தின் உச்சமாக அமைந்திருக்கும்.

பல மேசை ஆட்டத்தில் நடுவரின் முதல் வேலை நேரத்தைக் காப்பது. விதிப்புத்தகத்தைப் புரட்டுவது அதற்குப் பிறகுதான். ஒரு சுற்றுக்கு அரை மணி என்று வைத்தால் மூன்று மேசைக்கும் அதே அரை மணிதான். நீங்கள் மணி அடிக்காமல் எந்த மேசையும் அடுத்த சுற்றுக்குப் போகக் கூடாது. கைகலப்பு மும்முரமாக நடக்கும் மேசை கட்டாயம் பின்தங்கும். அங்கே ஒவ்வொரு பட்டாலியனுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பல பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு அளவில் ஒரே உருட்டலில் தீர்த்துவிடுங்கள். பட்டாலியன் கணக்கில் கிடைக்கும் நுணுக்கம் போய்விடுமே என்பார்கள். போகட்டும், நேரம் பிசகினால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

இதற்கு மேசைக்கு ஒரு துணை நடுவர் வேண்டும். நீங்கள் எந்த மேசையிலும் நிற்காதீர்கள். பெரிய வரைபடமும் செய்தி ஓலைகளுக்கு ஒரு பெட்டியும் வைத்துக்கொண்டு தனியாக உட்காருங்கள். மேசைகளுக்கிடையே பேச்சு கூடாது, கைப்பேசியும் கூடாது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, நேரம் குறித்து உங்களிடம் தரட்டும். குதிரை வீரனின் வேகம், சுற்றுவழி, சேறு எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒரு பகடையையும் ரகசியமாக உருட்டி, எந்தச் சுற்றில் அது போய்ச் சேரும் என்று தாளின் பின்புறம் எழுதிப் பெட்டியில் போடுங்கள். ஜூன் 18 பிற்பகல் ஒரு மணி அளவில் பிரஷ்யர் என்ற ஜெர்மானிய எதிரிப் படையைத் துரத்தப் போயிருந்த தன் தளபதி க்ரூஷிக்கு நெப்போலியன் அனுப்பிய உத்தரவு மாலையில்தான் அவர் கைக்குப் போனது. போர்க்களத்திலிருந்து, க்ரூஷி அன்று சண்டையிட்ட வாவ்ர் ஊர் நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர் அளவுதான். இந்தத் தாமதத்தை உங்கள் ஆட்டக்காரர் உடம்பில் உணர வேண்டும். போர்க்களத்தின் ஓரத்துக் கிராமமான ப்ளான்ஸ்நுவாவின் மேசைக்கும் முதன்மை மேசைக்கும் மட்டும் ஒரே சுற்றில் செய்தி போகலாம், அவை அவ்வளவு பக்கம்.

மேசையை விட்டுக் கிளம்பும் படை உங்கள் வரைபடத்துக்கு வந்துவிடும். நல்ல சாலையில் காலாட்படைக்கு மணிக்கு நான்கு கிலோமீட்டர் கொடுங்கள். முந்தைய இரவு கொட்டிய மழையில் ஊறிய பாதைக்கு அதில் பாதி போதும். அணியின் நீளத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். பல ஆயிரம் பேர் கொண்ட ஒரு பெரிய கோர் (தெர்லோனுடையது போன்ற படை) பீரங்கி வண்டிகளோடு நடந்தால், தலை வந்து சேர்ந்த பிறகு வால் வர மணிக்கணக்காகும். ஆகவே வாட்டர்லூவுக்கு வந்து சேரும் பிரஷ்யர்களை மொத்தமாக மேசையில் இறக்காமல் தவணை தவணையாக இறக்குங்கள். இந்த ஒரு ஏற்பாடே பாதிச் சச்சரவைத் தீர்த்துவிடும் என்பது என் அனுபவம்.

வாவ்ர் மேசைக்காரரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாலை நான்கு மணி வரை அவருக்குச் சண்டை இல்லை. சும்மா உட்கார வைத்துவிடாதீர்கள். நண்பகல் வாக்கில் மேற்கே பீரங்கி முழக்கம் கேட்கிறது என்று அவர் காதில் போடுங்கள். க்ரூஷியின் கீழிருந்த தளபதி ஜெரார் அன்று அவரிடம் சத்தம் வரும் பக்கம் போகலாம் என்று வற்புறுத்தினார். உங்கள் க்ரூஷி என்ன செய்வார் என்று பார்ப்பதற்குத்தானே இத்தனை பேர் கூடுகிறோம்! அவர் திரும்பிப் போனால் போகட்டும். வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று தடுக்க வேண்டாம்.

பகடையையும் திருத்தாதீர்கள். 1942 மே மாதம், பசிபிக்கில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசை ஆட்டத்தில் நடுவர் தீர்ப்பைக் கடற்படைத் தளபதி உகாகி மாற்றினார். மூழ்கியதாக அறிவிக்கப்பட்ட அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பல் தப்பித்துக்கொண்டது. அடுத்த மாதம் அந்தக் கப்பல் நிஜமாகவே அழிந்தது. ஒருமுறை நீங்கள் எண்ணை மாற்றியது தெரிந்தால் அதன் பிறகு வரும் நல்ல தீர்ப்பையும் நம்ப மாட்டார்கள்.

வாக்குவாதம் வந்தால் ஒரு நிமிடத்துக்குள் தீர்ப்பு சொல்லி, குறித்துக்கொண்டு, ஆட்டத்தை நகர்த்துங்கள். முடிந்ததும் எல்லோரையும் வரைபடத்தைச் சுற்றி உட்கார வைத்துப் பெட்டியைத் திறங்கள். எந்த ஓலை எப்போது எழுதப்பட்டது, எப்போது சேர்ந்தது என்று ஒவ்வொன்றாக வாசியுங்கள். அந்த இரண்டு நண்பர்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள். ஒருவரை வாவ்ர் மேசைக்குத் துணை நடுவராக வைக்கலாம்.